ரிட்டயர்டு நர்ஸ் பெரியம்மா கதையை எப்படி பதிவு பண்றது (நான் சொதப்புனதையும் சேத்து)

வீட்டுல ஒரு ரிட்டயர்டு நர்ஸ் இருந்தா, அம்மாவோ அத்தையோ பக்கத்து வீட்டு சிஸ்டரோ, "ஒருநாள் உக்காந்து இவங்க கதையெல்லாம் கேட்டு எழுதி வைக்கணும்"னு நெனச்சுக்கிட்டே வருஷம் ஓடிக்கிட்டு இருக்கும். எனக்கும் அப்படித்தான் ஓடுச்சு. எங்க பெரியம்மா, அதாவது அம்மாவோட மூத்த அக்கா, பொறந்தது 1946, பாளையங்கோட்டை பக்கம், மதுரையில நர்சிங் படிச்சு, மெட்ராஸ்ல பத்து வருஷம் வேலை பாத்து, அப்புறம் குவைத்ல 12 வருஷம், சதாம் உசேன் படை உள்ள வந்தப்போ எல்லாத்தையும் விட்டுட்டு பாலைவனம் வழியா தப்பிச்சு வந்து, திரும்பவும் நம்ம ஊர்ப்பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரில சேந்து, சுனாமி வந்தப்போ 58 வயசுல குளச்சலுக்கு பஸ் ஏறிப்போன ஆளு. கல்யாணம் பண்ணிக்கல. எங்கம்மா படிச்சதே இவங்க சம்பளத்துலதான். இவ்ளோ பெரிய வாழ்க்கைய பத்தி எங்களுக்கு மொத்தமா தெரிஞ்சது என்னன்னா "பெரியம்மா ஃபாரின்ல இருந்தாங்க, அங்க இருந்து டேங் பவுடரும் நிடோ டப்பாவும் வரும்". அவ்ளோதான்.

2022-ல ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் இழுத்து 140 பக்கம் முடிச்சேன். எப்படி பண்ணுனேன், எங்க சொதப்புனேன்னு சொல்றேன், உங்களுக்கு எது ஒத்துவருதோ எடுத்துக்கோங்க.

முதல்ல சொதப்புனத சொல்லிடறேன். ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் போன எடுத்து முன்னாடி வச்சு, டிவில கேக்குற மாதிரி, "பெரிம்மா, உங்க வாழ்க்கையில மறக்கமுடியாத சம்பவம் எது?"ன்னு கேட்டேன். அவங்க ஒரு பார்வை பாத்தாங்க. "அதெல்லாம் ஒண்ணும் இல்லட்டி, வேலை பாத்தேன், சம்பளம் வாங்குனேன், ஊருக்கு அனுப்புனேன்". நாலு நிமிஷத்துல ரெக்கார்டிங் முடிஞ்சுபோச்சு. அடுத்த வாரம் "நர்ஸ் ஆகணும்னு ஏன் பெரிம்மா தோணுச்சு"ன்னு கேட்டேன், "எங்கய்யா சேத்துவிட்டாவ"ன்னு ஒரே வரி. நான் விட்டுட்டேன், இவங்களுக்கு பேச இஷ்டமில்ல போலன்னு.

கதவு தெறந்தது வேற எடத்துல. மூணாவது வாரம் அவங்க கட்டில்ல பெட்ஷீட் மாத்திக்கிட்டு இருந்தேன். நம்ம விரிக்கிற மாதிரி நாலு பக்கமும் சொருகி விட்டேன். பின்னாடி நின்னுட்டு இருந்தவங்க தாங்கமுடியாம "ஏட்டி, இது என்ன பெட்டு, தள்ளு"ன்னு சொல்லிட்டு, 76 வயசுல குனிஞ்சு, மூலைய முக்கோணமா தூக்கி மடிச்சு, அடியில தள்ளி, மேல இருக்குறத கீழ இழுத்து சொருகி, கையால ஒரு தடவ நீவுனாங்க பாருங்க, இஸ்திரி போட்ட மாதிரி இருந்துச்சு. தலகாணி ஒறைய போட்டு, தெறந்த பக்கம் வாசலுக்கு எதிர்ப்பக்கமா இருக்குற மாதிரி திருப்பி வச்சாங்க. ஏன் பெரிம்மான்னேன். "ரவுண்ட்ஸ் வர்றவங்க கண்ணுக்கு கந்தல் தெரியக்கூடாது"ன்னாங்க. அதுக்கப்புறம் நிக்கவே இல்ல, ஃபர்ஸ்ட் இயர்ல மேட்ரன் அம்மா (நர்ஸ்மாருக்கெல்லாம் தலைமை) மூலை சரியில்லன்னா மொத்த விரிப்பையும் உருவி தரையில போட்டுட்டு போயிடுவாங்களாம், ஒரு காலையில 22 பெட்டு, ரப்பர் ஷீட்டு, அதுக்கு மேல குறுக்க போடற ட்ரா ஷீட்டு, ஹாஸ்டல்ல கூடப் படிச்ச பிள்ளைங்க ராத்திரி ஒருத்தர் கட்டில்ல ஒருத்தர் பழகி பாத்தது, அதுல ஒருத்தி அழுதுட்டு ஊருக்கே போனது, ஒன்றரை மணி நேரம் பேசுனாங்க. போன் சார்ஜ்ல கெடந்துச்சு, ரெக்கார்ட் ஆகல. எரிச்சல்னா அப்படி ஒரு எரிச்சல்.

ஆனா விஷயம் புரிஞ்சுது. நர்ஸ்மாருக்கு ஞாபகம் எல்லாம் கையில இருக்கு. "அனுபவத்த சொல்லுங்க"ன்னா வராது, கைக்கு ஒரு சாமான் குடுத்தா வரும்.

கையில என்ன குடுக்கலாம்

பழைய கண்ணாடி சிரிஞ்ச் ஒண்ணு தேடிப் பிடிங்க. பழைய சாமான் கடையில கெடைக்கும், சில வீட்டுல ஸ்டீல் டப்பாவோட பரண்ல கெடக்கும். நான் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், ஒடனே பெரியம்மா வெளிக்குழாயையும் உள்ள தள்ளுற தண்டையும் கழட்டி ரெண்டுலயும் நம்பர் ஒண்ணா இருக்கான்னு பாத்தாங்க. அந்தக் காலத்துல ஒவ்வொரு தண்டையும் அதோட குழாய்க்கே அளவா தேச்சு செஞ்சிருப்பாங்களாம், கொதிக்க வச்சு எடுக்கறப்போ மாறிப்போனா ஒண்ணு இறுக்கும், இல்லன்னா மருந்து பின்னாடி ஒழுகும். ஊசியையும் தூக்கிப் போடமாட்டாங்க, பஞ்சுல லேசா இழுத்துப் பாப்பாங்க, நார் மாட்டுச்சுன்னா நுனி வளைஞ்சிருக்குன்னு அர்த்தம், கல்லுல தீட்டி, ஓட்டைக்குள்ள மெல்லிசு கம்பி விட்டு சுத்தம் பண்ணி, திரும்பவும் கொதிக்க வைக்கணும். கையுறையும் அப்படித்தான், கழுவி, காயவச்சு, ஓட்டை இருக்கான்னு காத்து ஊதிப் பாத்து, பவுடர் போட்டு, ஜோடி சேத்து மடிக்கணும். இதெல்லாம் நைட் டூட்டி வேலை, கூட காயத்துக்கு வைக்கிற காஸ் துணி வெட்டி மடிக்கறது, பஞ்சு உருட்டறது. "பேஷன்ட் தூங்குனா எங்களுக்கு தையல் கடை மாதிரி வேலை"ன்னாங்க.

சிரிஞ்ச் கெடைக்கலன்னா கவலையில்ல. காஸ் துணி ரோல் ஒண்ணு, கிட்னி ட்ரே (கிட்னி மாதிரி வளைஞ்ச தட்டு), பாதரச தெர்மாமீட்டர், பிரசவ வார்டுல வயித்துல வச்சு குழந்தையோட இதயத்துடிப்பு கேக்குற அந்த ஊதுகுழல் மாதிரி சாமான், எது கெடைச்சாலும் சரி. ஒண்ணுமே கெடைக்கலன்னா உங்க கைய நீட்டி "பல்ஸ் பாருங்க பெரிம்மா"ன்னு சொல்லுங்க, போதும்.

கேள்வியையும் சாமான் பக்கமே வச்சுக்கோங்க. எனக்கு நல்லா வேலை செஞ்ச கேள்விங்க இதுதான்:

– நைட் டூட்டிக்கு வார்டுக்குள்ள நுழைஞ்சதும் மொதல்ல எந்தப் பக்கம் போவீங்க?
– ஓவர் குடுக்குறப்போ (டூட்டி மாறறப்போ வார்ட அடுத்தவங்ககிட்ட ஒப்படைக்கறது) முந்தின டூட்டி சிஸ்டர் என்ன சொல்லுவாங்க, அப்படியே சொல்லிக்காட்டுங்க.
– டூட்டி ரூம்ல என்ன சாப்டுவீங்க, யாரு கொண்டு வருவாங்க?
– பாக்கெட்ல என்னென்ன இருக்கும்?
– ஒரு ட்ரிப் பாட்டில் எத்தன மணி நேரத்துல போகணும்னு எப்படி கணக்கு போடுவீங்க?

கடைசி கேள்விக்கு பெரியம்மா பேப்பர் கேக்கல. 500 மில்லி, 8 மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 சொட்டு, அப்போ நிமிஷத்துக்கு 21 சொட்டுன்னு ஒடனே சொன்னாங்க, சொல்லிட்டு கடிகாரத்த பாத்துக்கிட்டே விரல்ல தட்டிக் காட்டுனாங்க. நான் அப்புறமா கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன், 20.8. மிஷின் இல்லாத காலத்துல ராத்திரி பூரா வார்டுல ஒவ்வொரு பாட்டில் முன்னாடியும் நின்னு கண்ணால சொட்டு எண்ணியிருக்காங்க. இன்னைக்கும் சமையலறை குழாய் சொட்டுனா தூக்கம் வராம எந்திரிச்சு போய் அடைக்கிறாங்களே, அது ஏன்னு எங்க வீட்டுக்கே அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

ரெக்கார்டிங் சமாச்சாரம்

பெரிய மைக் எல்லாம் வேணாம், போன் போதும். ஏரோப்ளேன் மோட்ல போட்டுருங்க, இல்லன்னா நடுவுல லோன் வேணுமான்னு ஒருத்தர் கூப்பிடுவாரு. ஒரு துண்ட நாலா மடிச்சு அதுமேல போன வைங்க, மேஜையில வச்சா தட்டுற சத்தமெல்லாம் ஏறும். ஃபேன் பெரிய எதிரி, ஆனா நம்ம ஊரு வெயில்ல 78 வயசு ஆள ஃபேன் இல்லாம உக்கார வைக்கமுடியாது, அதனால மெதுவா ஓடவிட்டு போன் ஃபேனுக்கு நேர்கீழ இல்லாம பாத்துக்கோங்க. குக்கர் அடுப்புல இருக்குறப்போ ஆரம்பிக்காதீங்க. ஒருதடவைக்கு 40 நிமிஷத்துக்கு மேல வேணாம், அவங்க பேச தயாரா இருந்தாலும் ராத்திரி தூக்கம் கெடும், எங்க பெரியம்மா ஒருநாள் ரெண்டு மணி நேரம் குவைத் பத்தி பேசிட்டு அன்னைக்கு ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு பாஸ்போர்ட்ட தேடிக்கிட்டு இருந்தாங்க, எங்கம்மா என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க.

காது கேக்குற மிஷின் போட்டவங்களா இருந்தா பேட்டரி பாத்துக்கோங்க, நல்லா கேக்குற காதுப்பக்கம் உக்காருங்க. மதியம் தூங்கி எந்திரிச்சு காபி குடிச்சதும் நல்ல நேரம். நர்ஸ்மாருல சிலபேருக்கு ராத்திரி 11 மணிதான் நல்ல நேரம், நாப்பது வருஷ நைட் டூட்டி பழக்கம், ஒடம்பு இன்னும் வார்டுலயே இருக்கும்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் அன்னைக்கே தேதிய மொதல்ல போட்டு பேர் வைங்க, 2022-06-12-பெட்-மேக்கிங் இப்படி. இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு "ரெக்கார்டிங் 47" எதுன்னு தெரியாது. மூணு எடத்துல காப்பி வைங்க, போன்ல, ஒரு பென் டிரைவ்ல, ஆன்லைன்ல ஒண்ணு. தமிழ்ல பேசுறத தானா டைப் பண்ற வசதி இப்ப போன்லயே இருக்கு, ஓரளவு பரவால்ல, ஆனா மருந்து பேரெல்லாம் கன்னாபின்னான்னு போடும், ஸ்ட்ரெப்டோமைசின் அதுல என்னமோ ஒரு ஊர் பேரா வந்துச்சு. கேட்டுக்கிட்டே திருத்தித்தான் ஆகணும், ஒரு மணி நேர பேச்சுக்கு எனக்கு நாலு மணி நேரம் ஆச்சு.

வருஷத்த பிடிக்கறது எப்படி

வயசானவங்க கிட்ட "எந்த வருஷம்"னு கேக்காதீங்க. கேட்டா ஏதோ ஒண்ணு சொல்லுவாங்க, நாமளும் அத எழுதி வச்சுருவோம், அது தப்பா இருக்கும். அதுக்கு பதிலா ஊருக்கே தெரிஞ்ச ஒரு சம்பவத்த வச்சு முன்னாடியா பின்னாடியான்னு கேளுங்க. அண்ணா செத்ததுக்கு முன்னாடியா (1969 பிப்ரவரி), எம்ஜிஆர் தனிக்கட்சி ஆரம்பிச்சதுக்கு அப்புறமா (1972), எமர்ஜென்சி நேரமா (1975–77), இந்திரா காந்திய சுட்டப்போ எங்க இருந்தீங்க (1984 அக்டோபர்), எம்ஜிஆர் செத்தப்போ (1987 டிசம்பர்). இப்படி நாலஞ்சு ஆணி அடிச்சுட்டா மிச்சத்த நடுவுல மாட்டிரலாம்.

பெரியம்மா நர்சிங் சேந்தது 1965-ன்னு அடிச்சு சொன்னாங்க. ஆனா இன்னொரு நாள் வேற ஏதோ பேசறப்போ, "ஃபர்ஸ்ட் இயர் கிறிஸ்மஸுக்கு லீவு குடுக்கல, தனுஷ்கோடி ரயில் போன வாரம்லா அது"ன்னு சொன்னாங்க. ரயிலையே கடல் அடிச்சுட்டுப் போன தனுஷ்கோடி புயல் 1964 டிசம்பர் 22 ராத்திரி. அப்போ சேந்தது 1964. சர்டிபிகேட்ட எடுத்துப் பாத்தா கணக்கு சரியா வந்துச்சு, அப்போ ஜெனரல் நர்சிங் மிட்வைஃபரியோட (பிரசவம் பாக்குற படிப்பு) சேத்து மூணரை வருஷம், முடிச்சது 68. அந்த சர்டிபிகேட்ல மெட்ராஸ்னு போட்டிருந்துச்சு, நம்ம மாநிலத்துக்கு தமிழ்நாடுன்னு பேர் மாத்துனது 1969 ஜனவரில, அதனால பழைய பேப்பர்ல மெட்ராஸ் ஸ்டேட்னு இருந்தா அதுக்கு முன்னாடின்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம். நர்ஸ்மாருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்னு ஒண்ணு இருக்கும், மெட்ராஸ் மாகாணத்துல 1926-லயே நர்ஸ், மிட்வைஃப் பதிவுக்கு சட்டம் வந்தாச்சு, அதனால பாட்டி காலத்து நர்ஸா இருந்தாக்கூட பேப்பர் இருக்க வாய்ப்பிருக்கு. அரசாங்க வேலை பாத்தவங்கன்னா பென்ஷன் ஆர்டரும் சர்வீஸ் ரெஜிஸ்டர் காப்பியும் கேளுங்க, எந்த ஊர்ல எந்த தேதில சேந்தாங்க, எப்ப மாத்தல் ஆச்சுன்னு வரிசையா இருக்கும், அதுவே பாதி கதை.

குரூப் போட்டோவ மறந்துராதீங்க. கேப் போட்ட பொண்ணுங்க வரிசையா கையில வெளக்கோட நிப்பாங்களே, அந்த போட்டோ. பின்பக்கத்துல எழுத்து இருக்கான்னு பாருங்க. இருந்தா அதையும் சேத்து படம் எடுங்க, இல்லன்னா இப்பவே அவங்கள ஒவ்வொருத்தர் மேலயும் விரல் வச்சு பேர் சொல்லச் சொல்லி வீடியோ எடுங்க. போட்டோ மேல பேனாவால எழுதாதீங்க. பெரியம்மா போட்டோல 28 பேர், 19 பேருக்கு பேர் சொன்னாங்க, ஏழு பேர் இல்லையாம் இப்ப.

வெளிநாட்டுல வேலை பாத்தவங்கன்னா

இங்கதான் எனக்கு ரொம்ப நாள் போச்சு, ருசியான பகுதியும் இதுதான். பழைய பாஸ்போர்ட் எல்லாத்தையும் கேட்டு வாங்குங்க, மூலை வெட்டி கேன்சல் பண்ணதா இருந்தாலும் சரி. வளைகுடா நாட்டு ஸ்டாம்ப்புல தேதி அரபி எண்ணுல இருக்கும், ஒரு சின்ன விஷயம் தெரிஞ்சுக்கோங்க, அதுல நம்ம பூஜ்யம் மாதிரி வட்டமா இருக்கறது 5, வெறும் புள்ளிதான் பூஜ்யம். இது தெரியாம ரெண்டு வாரம் தப்பான வருஷத்த வச்சுக்கிட்டு சுத்துனேன்.

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. பெரியம்மா நைட் டூட்டி முடிக்கப்போற நேரம், சத்தம் கேட்டுச்சு, ஏதோ வெடி விபத்துன்னு நெனச்சாங்களாம், ஓவர் எடுக்க வரவேண்டிய பகல் டூட்டி ஆளுங்க யாரும் வரல. நர்ஸுக்கு ஓவர் குடுக்காம வார்டுல இருந்து போகமுடியாது, அதனால ராத்திரி டூட்டிக்கு வந்தவங்க மூணு நாள் அங்கயே. "போர்னு தெரியும், ஆனா எனக்கு கவலை ஓவர் யாருகிட்ட குடுக்கன்னுதான்"னு சொன்னாங்க. இத சொல்லறப்போ சிரிச்சாங்க, நான் சிரிக்கல.

அப்புறம் கொஞ்ச நாள்ல கையில இருந்த குவைத் தினார் காகிதம் ஆயிடுச்சு, ஈராக் மொதல்ல அத தன்னோட தினாருக்கு சமம்னு சொல்லி, அப்புறம் செல்லாதுன்னே ஆக்கிட்டாங்க. செப்டம்பர்ல ஒரு பஸ், பாக்தாத், அங்க இருந்து ஜோர்டான் எல்லை, நடுப்பாலைவனத்துல கூடாரம், தண்ணிக்கு வரிசை, பகல்ல வெயிலு, ராத்திரி தேளு. அங்கயும் சும்மா இல்ல, கூட வந்த ஒரு பொண்ணுக்கு மாசம் ஏழு, இவங்கதான் பக்கத்துல படுத்துக்கிட்டாங்க. அப்புறம் அம்மான், ஏர் இந்தியா, பம்பாய். அந்த ரெண்டு மாசத்துல அம்மான்ல இருந்து 1,70,000 பேருக்கு மேல இந்தியர்கள கூட்டிட்டு வந்தாங்கன்னு எல்லாரும் பெருமையா சொல்லுவோம், அதுல ஒருத்தங்க எங்க வீட்டு கட்டில்ல உக்காந்து முருங்கக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்காங்கன்னு எனக்கு உறைக்கவே இல்ல பாருங்க.

குவைத்ல இருந்து அப்படி வந்தவங்க வீட்டுல ஒரு பேப்பர் கண்டிப்பா தேடுங்க. சண்டை முடிஞ்சதும் ஐ.நா. 1991-ல ஜெனீவாவுல நஷ்டஈடு கமிஷன் ஒண்ணு வச்சாங்க, குவைத்த விட்டு கெளம்பவேண்டி வந்தவங்களுக்குன்னே ஒரு பிரிவு, தனி ஆளுக்கு 2,500 டாலர், வேற எந்தப் பிரிவுலயும் கேக்கமாட்டேன்னா 4,000. அதுக்கு ஃபாரம் போட்டவங்க நெறைய பேரு. அந்த ஃபாரம் காப்பி கெடைச்சா புதையல்தான், ஏன்னா ஆளோட விவரம், பாஸ்போர்ட் நம்பர், எப்ப கெளம்புனாங்கன்னு எல்லாம் நடந்து கொஞ்ச நாளுக்குள்ளயே எழுதுனது, 32 வருஷம் கழிச்சு ஞாபகத்துல இருந்து சொல்லறதவிட நம்பலாம். பெரியம்மாவோடது பீரோவுக்கு அடியில பழைய சீலை மடிப்புல இருந்துச்சு.

அடுத்தது கேசட். அந்தக் காலத்துல போன் காசு கட்டாதுன்னு வளைகுடால இருந்து கேசட்ல பேசி பதிஞ்சு ஊருக்குப் போற ஆள்கிட்ட குடுத்து அனுப்புவாங்க, நாமளும் இங்க இருந்து குடும்பமே சுத்தி உக்காந்து பேசி அனுப்புவோம். அதுக்கு மேல சினிமா பாட்டு பதியாம இருந்தா அதிர்ஷ்டம். ஒடனே பழைய டேப்ரெக்கார்டர்ல போட்டு ஓட்டிராதீங்க, மொதல்ல கேசட் வாய்ல இருக்குற சின்ன பஞ்சு மெத்தை விழுந்துருக்கான்னு பாருங்க, பூஞ்சை பிடிச்சிருந்தா ஓட்டாதீங்க, அது பிளேயரோட ஹெட்டையும் கெடுத்துரும். நல்லா இருந்தா ஒருதடவ முழுசா முன்னாடி ஓட்டி திரும்ப பின்னாடி சுத்தி, டேப் ஒட்டியிருந்தா விட்டுக்கும், அப்புறம் ஹெட்ஃபோன் ஓட்டையில இருந்து ஒரு ஒயர கம்ப்யூட்டர்ல சொருகி ஆடாசிட்டின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ஓடவிட்டு பதிஞ்சுக்கலாம். 60 நிமிஷ கேசட்டுக்கு 60 நிமிஷமும் உக்காந்துதான் ஆகணும், வேகமா காப்பி எடுக்குற வேலை வேணாம். எங்களுக்கு மூணு கேசட் தேறுச்சு. ஒண்ணுல 1983-ல பெரியம்மா எங்கம்மாகிட்ட "பீஸு கட்டியாச்சா, ரசீது பத்திரமா வையி"ன்னு சொல்றாங்க, அதுல அவங்க கொரல் எனக்கு இப்ப இருக்குற வயசு.

ஒரு பேச்சுக்கு சொல்றேன், இந்தக் காச பத்தின பேச்சு வர்றப்போ கவனமா இருங்க. வெளிநாட்டுல சம்பாதிச்ச நர்ஸ் இருக்குற குடும்பத்துல யாரு வீடு கட்டுனா, யாரு நகைய திருப்பித் தரலங்கற கணக்கு எல்லாம் பொகைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். எங்க வீட்டுலயும் இருக்கு. அந்த அத்தியாயத்த பதிஞ்சு தனியா வச்சுட்டேன், புத்தகத்துல போடல. கோழைத்தனம்னு சொன்னா சொல்லிக்கோங்க.

எத எழுதக்கூடாது

பேஷன்ட் பேர் வேணவே வேணாம். பேர், தெரு, ஜாதி, என்ன வேலை பாத்தாருங்கறது, எதுவும். நர்ஸ் வாயில இருந்து வர்றது எல்லாமே இன்னொருத்தரோட ஒடம்பு ரகசியம். மெட்ராஸ்ல 1986-ல மொத மொதல்ல ஹெச்ஐவி கண்டுபிடிச்சதுக்கு அப்புறம், தொண்ணூறுகள்ல சின்ன ஊரு ஆஸ்பத்திரிக்கெல்லாம் அந்த நோயாளிங்க வர ஆரம்பிச்சப்போ எல்லாருக்கும் பயம், தொட யோசிச்சாங்க, பெரியம்மா ஒருத்தர மூணு வாரம் பாத்துக்கிட்டாங்க. அவரோட குடும்பம் இன்னைக்கும் அதே ஊர்ல இருக்கு. ஊர் பேரக்கூட மாத்தல, எடுத்தே விட்டுட்டேன். மாத்தி எழுதுனா யாராவது கண்டுபிடிக்க முயற்சி பண்ணுவாங்க, இல்லவே இல்லன்னா தேடமாட்டாங்க.

அவங்க அமைதியாயிட்டா அடுத்த கேள்விக்கு பாயாதீங்க. ரெக்கார்டர நிறுத்தவும் வேணாம், சும்மா உக்காருங்க. லேபர் வார்டு பத்தி பேசுன அன்னைக்கு பெரியம்மா ரெண்டு நிமிஷம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் "அந்தப் பிள்ளைக்கு நான்தான் துணி சுத்துனேன்"ன்னு மட்டும் சொன்னாங்க. எந்தப் பிள்ளைன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல. பிரதியில அந்த ஒரு வரி மட்டும் தனியா நிக்குது. ஆரம்பத்துலயே ஒண்ணு பேசி வச்சுக்கோங்க, "இது வேணாம்"னு எப்ப சொன்னாலும் எடுத்துரலாம், கடைசி நாள் அன்னைக்குக்கூட. சொன்னா நிஜமாவே எடுத்துருங்க.

கூடப் படிச்சவங்கள பிடிக்கறது

இத நான் லேட்டா பண்ணுனேன், நீங்க சீக்கிரமே பண்ணுங்க. ஒரு பேட்ச்மேட் நம்பர் கெடைச்சா போதும், ஸ்பீக்கர்ல போட்டுட்டு நீங்க ஓரமா உக்காந்துருங்க, இன்னொரு போன்ல பதிவு ஓடட்டும், அந்தப்பக்கம் இருக்குறவங்ககிட்டயும் பதியறோம்னு சொல்லிட்டு. என்கிட்ட "வேலை பாத்தேன் சம்பளம் வாங்குனேன்"ன்னு சொன்ன அதே ஆளு, கோயம்புத்தூர்ல இருக்குற அவங்க தோழிகிட்ட 55 வருஷத்துக்கு முந்தி ஹாஸ்டல் சுவரேறிக் குதிச்சு படம் பாக்கப் போனத சொல்லி கண்ணுல தண்ணி வர சிரிக்கிறாங்க. எங்கம்மாவுக்கே தெரியாது இது. சுனாமிக்கு குளச்சல் போனதுகூட அந்த தோழிங்க மூலமாத்தான், ஞாயித்துக்கிழமை கடல் வந்துச்சு, புதன்கிழமை நாலு ரிட்டயர்டு சிஸ்டர்ங்க, இவங்க மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகல, பஞ்சு, காஸ், டெட்டால்னு பையில அள்ளிக்கிட்டு போயிட்டாங்க. பத்து நாள் முழுக்க காயத்துல இருந்து மணல கழுவி எடுக்குற வேலைதானாம். "கடல் மண்ணு லேசுல போகாது, உப்புத்தண்ணி விட்டு விட்டு கழுவணும், கத்துவாவ, விடக்கூடாது". அத சொல்லறப்போ கை தானா கிட்னி ட்ரேய பிடிக்கிற மாதிரி வளைஞ்சுது.

எழுதறப்போ

பேச்ச திருத்தாதீங்க. "வந்தாவ", "சொன்னாவ"ன்னு அவங்க சொன்னா அப்படியே போடுங்க, "மருத்துவர் வந்தார்"னு ஆக்குனா அது வேற யாரோ ஒருத்தர். வார்டு வார்த்தையெல்லாம் அப்படியே இருக்கட்டும், ஆயாம்மா, வார்டு பாய், டிரெஸ்ஸிங் ட்ராலி, கேஷுவாலிட்டி, எல்லாம் நமக்குப் புரியும். பொறந்ததுல இருந்து வரிசையா ஆரம்பிக்கணும்னு அவசியம் இல்ல, நான் பெட்ஷீட்ல ஆரம்பிச்சேன். நீங்க சரிபாத்த தேதியும் அவங்க சொன்னதும் ஒத்துப்போகலன்னா அவங்க சொன்னத அடிக்காதீங்க, பக்கத்துல சின்னதா உங்க குறிப்ப போடுங்க. பிரிண்ட் போடறப்போ எழுத்து பெருசா, 16 பாயிண்ட்டுக்கு குறையாம, அவங்க படிக்கணும்ல. ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்சு மறுபக்கத்த வெறுமையா விடுங்க. ஜெராக்ஸ் கடையில ஸ்பைரல் பைண்டிங் போதும், எனக்கு அஞ்சு காப்பி ஆச்சு.

மொத காப்பிய பெரியம்மா கையில குடுத்தேன். கண்ணாடிய போட்டுக்கிட்டு, பேனா கேட்டாங்க, நீலம் குடுத்தேன், வேணாம் செவப்பு குடுன்னாங்க. அவங்க காலத்துல பகல் டூட்டி ரிப்போர்ட் நீல மை, நைட் டூட்டி ரிப்போர்ட் செவப்பு மை, கடைசி பன்னெண்டு வருஷம் முக்காவாசி நைட்டாம். நாலு நாள் வச்சிருந்து திருத்தி குடுத்தாங்க. பக்கம் 31-ல நான் 20 சொட்டுன்னு தப்பா டைப் பண்ணியிருந்தத அடிச்சு 21 ஆக்கியிருந்தாங்க. ஹாஸ்டல் சுவர் ஏறுன பக்கத்துல பெருக்கல் குறி போட்டிருந்தாங்க, நான் சொன்னபடி எடுத்துட்டேன், மறுநாள் காலையில போன் பண்ணி "ஏட்டி, அது இருந்துட்டு போட்டும்"ன்னாங்க. வெறும் பக்கத்துல புதுசா பதினோரு எடத்துல எழுதியிருக்காங்க, அதுல ரெண்டு எனக்கு இன்னும் படிக்கவே முடியல, டாக்டர்ங்க எழுத்தக் குறை சொல்றோம், சிஸ்டர் எழுத்தும் அப்படித்தான் இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை போய் கேக்கணும்.